வேலை தெரியும், வார்டு தெரியாது

அத்தியாயம் 7: தற்காலிகச் செவிலியரின் முதல் ஷிஃப்ட்

இந்த அத்தியாயம் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு. உங்கள் ஸ்டாஃபில் இரண்டு பேர் பிரசவ விடுப்பில் போய்விட்டார்கள், ஒருவர் வேறு பிரிவுக்கு மாற்றலாகிவிட்டார். நிர்வாகம் ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒருவரை அனுப்பியிருக்கிறது. காலை ஏழரைக்கு அவர் கையில் ஆர்டரோடு வந்து நிற்கிறார். டாக்டர் ரவுண்ட்ஸ் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லை. என்ன காட்டுவது, எதை நாளைக்குத் தள்ளுவது, எந்த வரிசையில் செய்வது?

வந்திருப்பவருக்கு ஊசி போடத் தெரியும், கேனுலா போடத் தெரியும், கேஸ் ஷீட் எழுதத் தெரியும். தெரியாதது உங்கள் வார்டு மட்டும்தான். அட்ரினலின் எந்த இழுப்பறையில் இருக்கிறது, இரவில் டியூட்டி டாக்டரை எந்த எண்ணில் கூப்பிடுவது, ஃப்ரிட்ஜ் சாவி யாரிடம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆகவே நர்சிங் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டாம். இடத்தைக் காட்டுங்கள்.

புதுச்சேரியில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, நகரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி, ஊரைச் சுற்றித் தனியார் மருத்துவக் கல்லூரிகள் என்று இவ்வளவு சிறிய ஊரில் இத்தனை இருக்கின்றன. ஒப்பந்தத்தில் வருபவர் போன மாதம் இவற்றில் ஒன்றில் வேலை பார்த்திருப்பார், அந்த இடத்துப் பழக்கம் கையோடு வரும். புதிதாகப் படித்து முடித்து வந்த பெண் எல்லாவற்றையும் கேட்பாள். நாலு வருட அனுபவம் உள்ளவர் கேட்கமாட்டார், தெரியும் என்று நினைத்துக் கையை நீட்டுவார். என் கணக்கில் இரண்டாமவருக்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

கீழே உள்ளவை செவிலியரை மனதில் வைத்து எழுதியவை. லேப் டெக்னீஷியன், டியூட்டி டாக்டர் போன்றவர்களுக்கும் வரிசை இதுவே. காட்ட வேண்டிய சாமான்கள்தான் மாறும்.

அவர் வருவதற்கு முந்தின நாள்

1. பதிவுச் சான்றை நர்சிங் அலுவலகம் பார்த்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கேரளத்திலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ வருபவர் என்றால் அங்கே பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் இதில் அடக்கம்.

2. மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறாரா? தவணை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். போடாதவர் என்றால் சேரும் அன்றே முதல் ஊசி. 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்தத் தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் போடும் பொறுப்பை மருத்துவமனைமீதே வைக்கின்றன. நிரந்தரம், தற்காலிகம் என்று அதில் பிரிவினை இல்லை.

3. கணினி லாகின், அடையாள அட்டை, பை வைக்க லாக்கர். இவை மூன்றும் தயாரா?

4. யாரோடு சேர்ந்து வேலை பார்ப்பார் என்பதை டியூட்டி சார்ட்டில் பெயரோடு எழுதுங்கள். “யாரையாவது கேட்டுக்கோங்க” என்றால் யாரையும் கேட்கமாட்டார்.

5. முதல் ஷிஃப்ட்டில் அவரைத் தலைக்கணக்கில் சேர்க்காதீர்கள். அதாவது ஆறு பேர் பார்க்கிற வேலைக்கு ஆறாவது ஆளாக அவரைப் போடக் கூடாது. இதற்கு நிர்வாகத்தோடு சண்டை போட வேண்டியிருக்கலாம். போடுங்கள்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* லாகின் வரவில்லை என்று இன்னொரு ஸ்டாஃபின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவது. மருந்து கொடுத்தது யார் என்ற கேள்வி நாளைக்கு எழுந்தால் பதிவில் இருக்கும் பெயர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவருடையதாக இருக்கும். லாகின் வரும்வரை அவர் தாளில் எழுதித் தன் கையெழுத்தைப் போடட்டும்.

முதல் அரை மணி நேரம்: உட்கார வைக்காதீர்கள், நடக்க வையுங்கள்

கருத்தரங்க அறையில் ஒரு மணி நேரம் ஸ்லைடு காட்டி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவதை ஓரியண்டேஷன் என்று கணக்கெழுதும் வழக்கம் உண்டு. ஆடிட்டுக்கு அது உதவும். இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் மூச்சு நின்றால் உதவாது. வார்டைச் சுற்றி இந்த வரிசையில் நடங்கள்:

1. எமர்ஜென்சி டிராலி. நீங்கள் திறக்காதீர்கள், அவரைத் திறக்கச் சொல்லுங்கள். அட்ரினலின், ஆம்பு பேக், லாரிஞ்சோஸ்கோப் மூன்றையும் அவரே எடுக்கட்டும். டீஃபிப்ரிலேட்டரை ஒருமுறை ஆன் செய்து பார்க்கட்டும். பிறகு சீல் போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதையும் அப்போதே காட்டிவிடுங்கள்.

2. ஆக்சிஜன். சுவரில் உள்ள இணைப்பு, ஃப்ளோமீட்டர், ஹியூமிடிஃபையர் பாட்டில், தனிச் சிலிண்டர், அதைத் திறக்கும் சாவி. நம் நாட்டில் ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் வழக்கமாகக் கறுப்பு, தோள் வெள்ளை. நைட்ரஸ் ஆக்சைடு நீலம். பெயிண்ட் உரிந்திருந்தால் நிறத்தை நம்பாமல் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். இது சின்ன விஷயமல்ல. 2011-இல் நாகர்கோவில் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு போய்விட்டது. நினைவு திரும்பாமலே அவர் இறந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசை இழப்பீடு தரச் சொன்னது.

3. அவசர அழைப்பு. எந்த இண்டர்காம், எந்த எண், என்ன சொல்ல வேண்டும். எண்ணை அடையாள அட்டையின் பின்புறம் அவர் கையாலேயே எழுதட்டும். வார்டின் பெயரையும் மாடியையும் சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள். பதற்றத்தில் “சீக்கிரம் வாங்க” என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுவார்கள், எங்கே வருவது என்று எதிர்முனைக்குத் தெரியாது.

4. வெளியேறும் வழி, தீயணைப்பான். இரண்டாவது படிக்கட்டு எங்கே, அதன் கதவு பூட்டியிருக்கிறதா, முன்னால் உடைந்த கட்டில் கிடக்கிறதா என்று அவரோடு போய்ப் பாருங்கள். உங்களுக்கே அன்றுதான் தெரியவரலாம். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை தீப்பிடித்தபோது லிஃப்டில் சிக்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். தீ என்றால் லிஃப்ட் இல்லை. வார்டின் ஆக்சிஜன் வால்வை மூடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

5. மருந்து அலமாரி, ஃப்ரிட்ஜ், போதை மருந்துப் பூட்டு. சாவி யாரிடம், கணக்கு எந்தப் பதிவேட்டில்.

6. கை கழுவும் இடம், ஸ்லூயிஸ் ரூம், குப்பைத் தொட்டிகள்.

7. அவருக்கான இடம். டாய்லெட், உடை மாற்றும் அறை, தண்ணீர், சாப்பிடும் இடம், சாப்பிடும் நேரம். இதைச் சொல்ல மறப்பவர்களே அதிகம். புதியவர் கூச்சப்பட்டு எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நிற்பார்.

சுற்றி முடித்ததும் நீங்கள் பின்னால் வாருங்கள், அவர் முன்னால் போகட்டும். “இப்ப அஞ்சாம் பெட் அம்மாவுக்கு மூச்சு நின்னுடுச்சு, என்ன பண்ணுவீங்க சிஸ்டர்?” என்று கேளுங்கள். பதில் வாயால் வர வேண்டாம். கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

நோயாளி யார் என்று உறுதி செய்வது

பெட் நம்பரைச் சொல்லி மருந்து கொடுக்கக் கூடாது, பெயரும் மருத்துவமனைப் பதிவு எண்ணும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது விதி. புதுச்சேரியில் பெயரிலேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன. வெளியூர் ஸ்டாஃபுக்கு இவற்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது இனிஷியல். ஒரே வார்டில் மூன்று முருகன் படுத்திருப்பார்கள். எஸ். முருகன், ஆர். முருகன் என்ற ஒற்றை எழுத்து வித்தியாசம் அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. “நீங்கதானே முருகன்?” என்று கேட்டால் மூன்று பேருமே தலையாட்டுவார்கள். “உங்க பேரு என்னங்க? அப்பா பேரு?” என்று கேட்டு அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

இரண்டாவது பிரெஞ்சுப் பதிவு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுப் பெரியவர்கள் இன்றும் வார்டுக்கு வருகிறார்கள். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, முஸ்லிம் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டில் அந்தப் பெயர் இருக்கும், வீட்டில் கூப்பிடுவது வேறாக இருக்கும். எழுத்துக்கூட்டலும் மாறும். ஆங்கிலத்தில் ‘யு’ போடும் இடத்தில் பிரெஞ்சு முறையில் ‘ஓ-யு’ வரும். கணினியில் ஆங்கில முறையில் தேடினால் பழைய பதிவு கிடைக்காது. உடனே புதுப் பதிவு எண் போடப்படும். பழைய பதிவில் இருந்த ‘பென்சிலின் ஒவ்வாமை’ அங்கேயே தங்கிவிடும்.

செய்ய வேண்டியது:

1. பெயர் கிடைக்கவில்லை என்றால் கைப்பேசி எண்ணால் தேடச் சொல்லுங்கள். பிறகு பிறந்த தேதியால்.
2. “இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?” என்று கேட்காமல் புது எண் போடக் கூடாது.
3. ஒவ்வாமையைப் பதிவில் பார்த்தாலும் நோயாளியிடம் ஒருமுறை நேரில் கேட்க வேண்டும்.

*குறிப்பு:* பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் கண்டதும் தடுமாற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வருபவர்களில் பெரும்பாலானோர் தமிழிலேயே பேசுவார்கள். சிலருக்கு அந்த நாட்டுக் காப்பீடு இருக்கும், ரசீதும் மருந்துச் சீட்டும் பெயர்ப் பிழையில்லாமல் கேட்பார்கள். அது பில்லிங் கவுண்டரின் வேலை, அங்கே அனுப்பினால் போதும்.

மருந்து: முதல் வாரம் தனியாகத் தொடக் கூடாதவை

எல்லா மருந்தையும் பட்டியல் போட்டுக் கொடுத்தால் எதுவும் மனதில் நிற்காது. மூன்றை மட்டும் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

இன்சுலின். குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவிலும் கார்ட்ரிட்ஜிலும் வருவது 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்தாம் கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. விடியற்காலையில் சர்க்கரை இறங்கி நோயாளி சுயநினைவின்றிக் கிடப்பார், காரணம் யாருக்கும் புரியாது. இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு. பத்து மில்லி ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கும். கலக்காமல் நேராக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். மற்ற ஆம்பூல்களோடு அது கலந்து கிடந்தால், புதியவர் வருவதற்கு முன் அதைப் பிரித்துத் தனிப் பெட்டியில் வைப்பது உங்கள் வேலை.

ஹெப்பாரின். ஐந்து மில்லி குப்பியில் மொத்தம் 5,000 யூனிட் உள்ளதும் வருகிறது, 25,000 யூனிட் உள்ளதும் வருகிறது. குப்பி ஒரே அளவு.

இந்த மூன்றுக்கும் விதி ஒன்றுதான். ஒருவர் எடுக்க வேண்டும், இன்னொருவர் லேபிளைத் தனியாகப் படித்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும். “சரிதானே அக்கா?” என்று கேட்பதும், “சரி சரி” என்று நீங்கள் தூரத்திலிருந்து சொல்வதும் சரிபார்த்தல் ஆகாது.

ஃபோனில் டாக்டர் சொல்லும் ஆர்டரை எழுதி, எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பம் ஆங்கிலத்தில் எண்ணைச் சொல்லும்போது அடிக்கடி வரும். “ஒன்று, ஐந்து” என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லப் பழக்குங்கள். டாக்டர் எரிந்து விழுந்தால் நீங்கள் பேசிக்கொள்வதாகச் சொல்லுங்கள், அதன்படி பேசவும் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் வந்தவருக்கு அடுத்த மாத வேலையே உறுதியில்லை. டாக்டர் சாரிடம் “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்கும் துணிச்சல் அவருக்குத் தானாக வராது.

ஊசி குத்திவிட்டால்

தற்காலிகப் பணியாளர் மறைக்கும் விஷயங்களில் முதலிடம் இதற்குத்தான். கவனக்குறைவு என்று எழுதி நீக்கிவிடுவார்களோ என்ற பயம். ஆகவே முதல் நாளே, மற்ற ஸ்டாஃப் முன்னிலையில், “குத்திக்கிட்டா உடனே எனக்குச் சொல்லணும், யாரும் திட்டமாட்டாங்க” என்று சொல்லிவிடுங்கள். பிறகு இந்த வரிசை:

1. வேலையை நிறுத்து. நோயாளியைப் பக்கத்து ஸ்டாஃபிடம் ஒப்படை.
2. குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவு. பிதுக்காதே, வாயில் வைக்காதே, பிளீச்சிங் திரவம் ஊற்றாதே. கண்ணில் தெறித்தால் தண்ணீரால் மட்டும் நன்றாகக் கழுவு.
3. இன்சார்ஜுக்குச் சொல். இரவென்றால் நைட் சூப்பர்வைசருக்கு.
4. கேஷுவாலிட்டிக்கோ மருத்துவமனை குறித்துள்ள டாக்டரிடமோ உடனே போ. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மொத்தம் 28 நாள்.
5. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போடாதவர் என்றால் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படலாம். முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள்.
6. அன்றே ரத்தப் பரிசோதனை, சம்பவப் படிவம்.

பாதுகாப்பில்லாத ஒருவருக்கு நோயுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு தோராயமாக மஞ்சள் காமாலை பி வகைக்கு நூற்றுக்கு 30 வரை, சி வகைக்கு 3, எச்.ஐ.வி.க்கு 0.3 என்று பாடநூல்கள் சொல்கின்றன. எல்லோரும் பயப்படுவது மூன்றாவதற்கு. தடுப்பூசியால் தவிர்க்கக்கூடியது முதலாவது.

இன்சார்ஜ்கள் தவறவிடும் ஒரு இடம் இருக்கிறது. மறுபரிசோதனை ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீளும். அவருடைய ஒப்பந்தம் அதற்குள் முடிந்துவிடலாம். சம்பவப் படிவத்தின் நகலும், மீதிப் பரிசோதனைகளை எங்கே யாரிடம் செய்துகொள்வது என்ற எழுத்தும் அவர் கையில் இருக்கட்டும். நோயாளியின் பரிசோதனை முடிவை வார்டில் பேசக் கூடாது. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது.

குப்பைத் தொட்டி நிறம்

சுருக்கமாக: ரத்தம் பட்ட பஞ்சு, டிரெஸ்ஸிங், உடல் பாகம் மஞ்சளில். ஐ.வி. செட், யூரின் பேக், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்பில். ஊசி, பிளேடு குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பி, ஆம்பூல் நீலத்தில். சாப்பாட்டு மிச்சம் இவற்றில் எதிலும் இல்லை. வெள்ளைப் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூட வேண்டும். ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது.

வார்டில் பேசும் தமிழ்

மலையாளமோ தெலுங்கோ பேசும் ஸ்டாஃப் வந்தால் மாஹே, யானம் நோயாளிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் பெரும்பாலான நோயாளிகள் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் கிராமத்துக்காரர்கள். அவர்கள் சொல்லும் சில சொற்களுக்குப் பின்னால் அவசரம் ஒளிந்திருக்கும். ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்:

- “நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு”, “நெஞ்சைக் கரிக்குது”: ஜெலுசில் கொடுக்கும் முன் ஈ.சி.ஜி.
- “மயக்கமா வருது”: தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்புவதாகவும் இருக்கலாம். “கீழ விழுந்தீங்களா?” என்று கேட்க வேண்டும். சர்க்கரையும் பார்க்க வேண்டும்.
- “வெட்டு வந்துச்சு”, “இழுத்துக்கிச்சு”: வலிப்பு.
- “கை கால் வரல”, “வாய் கோணிக்கிச்சு”: பக்கவாதம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று உடனே எழுத வேண்டும்.
- “எளைக்குது”, “மேல்மூச்சு வாங்குது”: பேசவிடாமல் ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும்.
- “தண்ணி போகல”: சிறுநீர் போகவில்லை என்று பொருள். குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது.

சாராயக் கடை சட்டப்படி நடக்கும் ஊர் இது. கால் எலும்பு முறிந்து வந்தவர் மூன்றாம் நாள் இரவில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துவார். அவருக்குப் பைத்தியமும் இல்லை, திமிரும் இல்லை. குடி நின்றதால் வரும் கோளாறு, உயிருக்கே ஆபத்தானது. நடுக்கம் முதல் நாளே தொடங்கலாம், வலிப்பு இரண்டு நாளுக்குள் வரலாம், பிதற்றல் இரண்டு மூன்று நாளில். ஆகவே அட்மிஷன் போடும்போதே, உறவினரைச் சற்று வெளியே அனுப்பிவிட்டு, “கடைசியா எப்ப குடிச்சீங்கண்ணா? எவ்வளவு?” என்று கேட்டு எழுதப் பழக்குங்கள். மாமியார் முன்னால் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். இப்படிப்பட்ட நோயாளிக்குக் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றும் முன் தயமின் ஆர்டர் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். கட்டிலில் கட்டிவைத்துவிட்டுப் போவது சிகிச்சை அல்ல.

விபத்துக் கேஸ்களில் இன்னொன்று. புதுச்சேரியும் தமிழ்நாடும் இங்கே தெருவுக்குத் தெரு மாறும். கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அதை ஒட்டிய முத்தியால்பேட்டை புதுச்சேரி. விபத்து நடந்த இடத்தை ஏ.ஆர். பதிவில் தெளிவாக எழுதாவிட்டால் எந்தக் காவல் நிலையம் என்று குடும்பம் அலைய நேரிடும். சனி, ஞாயிறு கூட்டத்தில் இது நிச்சயம் விடுபடும்.

ஓவர் கொடுப்பது, ஓவர் எடுப்பது

நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஓவர் கொடுத்தால் புதியவருக்கு முகம் எதுவும் மனதில் பதியாது. முதல் வாரம் முழுக்கக் கட்டில் கட்டிலாகப் போய்க் கொடுங்கள். ஒவ்வொரு கட்டிலிலும் நான்கு கேள்வி: இவர் யார், எதற்கு வந்தார், இப்போது எப்படி இருக்கிறார், அடுத்த ஷிஃப்ட்டில் என்ன செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ட்ரிப்ஸையும் டிரெய்னையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ரிலீவர் வராமல் வார்டை விட்டுப் போகக் கூடாது என்ற விதியையும் இப்போதே சொல்லுங்கள். 2011-இல் தானே புயல் அடித்ததும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலோடு ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் அடுத்த ஷிஃப்ட் வருவதற்கு வழியே இருக்காது. வடகிழக்குப் பருவ மாதங்களில் ஒரு மாற்று உடை, சார்ஜர், தான் சாப்பிடும் மாத்திரை மூன்றும் லாக்கரில் இருக்கட்டும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை வென்டிலேட்டர் நோயாளிக்கு யார் ஆம்பு பிடிப்பது என்பதை ஷிஃப்ட் தொடக்கத்திலேயே பெயர் சொல்லி ஒதுக்குங்கள்.

அவருடைய பாதுகாப்பு

1. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஒப்பந்தப் பணியாளர், ஏஜென்சி மூலம் வந்தவர் எல்லோருக்கும் பொருந்தும். உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள், எங்கே புகார் தருவது என்று காட்டுங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.
2. இரவு டியூட்டிக்கு எப்படி வருகிறார்? டெம்போ நின்றுபோகும் நேரத்தில் தனியாக நடந்து வரும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா? இதைக் கேட்டுத்தான் இரவு ஷிஃப்ட் போட வேண்டும்.
3. உறவினர்கள் கும்பலாக வந்து கத்தினால் அவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டாம். செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, நோயாளியின் பக்கத்திலிருந்து கதவுப் பக்கம் நகர்ந்து நிற்கச் சொல்லுங்கள்.
4. ஏஜென்சி மூலம் வந்தவர் என்றால் இ.எஸ்.ஐ., பி.எஃப். எண் வந்துவிட்டதா என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்.

நீங்கள் செய்யக்கூடிய தவறுகள்

- “டெம்ப்ரவரி சிஸ்டர்” என்றே கூப்பிடுவது. பெயர் இருக்கிறது.
- நிரந்தர ஸ்டாஃபுக்குப் பிடிக்காத கட்டில்களை எல்லாம் அவருக்கு ஒதுக்குவது. வார்டிலேயே மோசமான நிலையில் உள்ள நோயாளி, வார்டை அறியாத ஒருவர் கையில் போய்ச் சேர்வார்.
- ஸ்டாஃப் குறைந்த பிரிவுக்கெல்லாம் அவரைத் தினமும் மாற்றி மாற்றி அனுப்புவது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த அரை மணி நடை மறுபடி தேவை. அதைச் செய்ய ஆளில்லை என்றால் அனுப்பாதீர்கள்.
- “புரிஞ்சுதா?” என்று கேட்பது. எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.
- ஏழாம் நாள் பேசாமல் விட்டுவிடுவது. பத்து நிமிடம் உட்கார்ந்து, “நம்ம வார்டுல உங்களுக்கு எது விநோதமா பட்டுச்சு?” என்று கேளுங்கள். வெளியிலிருந்து வந்த கண்ணுக்குத்தான் காலாவதியான குப்பியும், தப்பான இடத்தில் இருக்கும் ஸ்விட்சும் தெரியும். அவர் சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்யுங்கள்.

ஒப்பந்தம் முடியும் நாள்

1. சாவிகள், அடையாள அட்டை, லாக்கர் திரும்பி வந்ததா?
2. கணினி லாகினை அன்றே மூடச் சொல்லிக் கடிதம் கொடுத்தாயிற்றா?
3. போதை மருந்துக் கணக்கில் அவர் கையெழுத்திட்ட பக்கங்கள் சரியா?
4. தடுப்பூசி விவரம், ஊசி குத்திய சம்பவம் ஏதேனும் இருந்தால் அதன் நகல், அனுபவச் சான்று மூன்றும் அவர் கையில் போய்ச் சேர்ந்தனவா? சான்றுக்காக அவரை நாலு தடவை அலைய விடாதீர்கள். கடைசி ஷிஃப்ட் முடிவதற்குள் நர்சிங் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.